மூணு தடவை சார்

அவர் டீ குடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். கடைக்காரர் கழுவி வைத்த கிளாஸைக் கையில் வாங்குவார். கொஞ்சம் வெந்நீர் ஊற்றச் சொல்வார். சுழற்றித் தெருவில் கொட்டுவார். மறுபடி ஊற்றச் சொல்வார், மறுபடி கொட்டுவார். மூன்றாம் தடவை கொட்டிய பிறகுதான் "ம், இப்பம் டீய ஊத்துங்க அண்ணாச்சி" என்பார். அதற்குள் பக்கத்தில் நிற்கிறவன் குடித்து முடித்து, பீடி பற்றவைத்து, பாதி பேப்பரும் படித்திருப்பான். சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரைக்கும் அவருக்கு "மூணு தடவை சார்" என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயரை ஆறேழு வருஷம் தினமும் டைப் அடித்தவள் நான். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், எனக்கும் அவரைத் திட்டக் கூச்சமாகிவிடும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் நான் அவர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் ராஜபாளையம் ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறை. முன்னறையில் டைப்ரைட்டரும் ஒரு பீரோவும் நானும். பின்னறையில் கண்ணாடிக் குழாய்களும் பிளாஸ்டிக் பாட்டில்களும் அவரும். டெல்லியில் இருந்த ஓர் அகாதமி, குடிக்கிற கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நாடு முழுக்கச் சோதித்துப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு மையங்களை வைத்திருந்தது. அதில் ஆகச் சின்னது எங்களுடையது. அதற்குப் பொறுப்பாளரும் அவர்தான், விஞ்ஞானியும் அவர்தான், பாட்டில் கழுவுகிறவரும் அவர்தான்.

எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன். "தண்ணியும் இங்கன இருக்கு, நீங்களும் இங்கன இருக்கீங்க. பாத்துச் சொல்லிட்டுப் போகாம இதுக்கு எதுக்கு சார் டெல்லி?"

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முன்னால அப்படித்தாம்மா சொல்லிக்கிட்டிருந்தோம். ஒவ்வொரு காலேஜும் ஒவ்வொரு மாதிரி அளந்தான். ஒரே கிணத்த ஒருத்தன் நல்லதுன்னான், இன்னொருத்தன் கெட்டதுன்னான். கவர்மெண்டுல என்ன சொன்னான் தெரியுமா? மொதல்ல ஒங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டு வாங்கன்னுட்டான். அதுக்குத்தான் அகாதமி. எல்லாருக்கும் ஒரே பாட்டில், ஒரே மருந்து, எழுதி நிரப்ப ஒரே பாரம். நான் அளந்த தண்ணிய இன்னொரு மையத்துக்கு அனுப்பணும், அவன் அளக்கணும். அவன் தண்ணிய நான் அளக்கணும். எந்த ஊருன்னு தெரியக் கூடாது, பாட்டில் மேல நம்பர் மட்டும்தான். ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல வந்தா அது உண்மை. ஒத்த ஆள் சொன்னா அது வெறும் சேதிம்மா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடித்த மனுஷன் மாதிரி அவ்வளவு திருப்தி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அதில் எந்த இடத்தில் தப்பு என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒத்த ஆள் சொல்வதை நம்பாத பழக்கம் அவரோடு ஆபீஸ் முடிந்து வீட்டுக்கும் போகும். கடையநல்லூர் பஸ் எது என்று கண்டக்டரிடம் கேட்பார். அவன் "ஏறுங்க சார்" என்பான். ஏறாமல் டிரைவரிடம் போய்க் கேட்பார். பிறகு உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவரிடமும் கேட்பார். ஒருமுறை அந்த டிரைவர் பொறுக்கமாட்டாமல், "சார், பஸ்ஸையும் ஒருவாட்டி கேட்டுக்கிடுங்க" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. சாரும் சிரித்தார். அவர் மனைவி சாம்பாருக்கு உப்புப் பார்க்கச் சொன்னால், தான் பார்த்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாராம். அந்த அம்மாவே என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது.

தண்ணீர் எடுக்கப் போகும்போது சில நாள் என்னையும் கூட்டிப் போவார், பாரம் எழுத. கிணற்றில் வாளியை இறக்கி, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசி, நாலாவதாக நிரப்பி மூடுவார். ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று பார்சலில் வடக்கே ஒரு மையத்துக்குப் போகும்.

கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அங்கே பெண் எடுக்க யோசிப்பார்கள். என் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. ஊரில் இரண்டு கிணறு. கீழக் கிணறு உப்பு, சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மேலக் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு. பருப்பு பூவாக வெந்துவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கல்யாண வீட்டுக்கு அங்கிருந்துதான் வண்டியில் ஏற்றிப் போவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நல்லா இருக்கு என்று சொன்ன பிறகுதான் வந்த விஷயத்தைப் பேச முடியும். அந்த ஊர் வழக்கம் அது.

அக்கா மகள் செல்விக்கு அப்போது நாலு வயது. முன்பல்லில் பழுப்பாகக் கோடு கோடாக இருக்கும். நடக்கும்போது முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். "என் மாமியாருக்கும் பல்லு இப்படித்தான் இருக்கும், வம்ச வாகு" என்று அக்கா சொல்லிக்கொள்வாள். திங்கட்கிழமை தோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கோவிலுக்கு வருவாள். புற்றுமண்ணைக் குழைத்து இரண்டு முட்டியிலும் பூசுவாள். திரும்பும்போது எங்கள் ஆபீஸ் மாடியேறி வந்து உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். செல்வி பின்னறை வாசலில் நின்று குழாய்களை வேடிக்கை பார்ப்பாள். சார் அவள் காலைப் பார்ப்பார். பிறகு குழாய்கள் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மேலக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த அன்று நான் பின்னறையில் இருந்தேன். அந்த மருந்து நல்ல சிவப்பு. தண்ணீரில் ஃப்ளோரைடு என்கிற உப்பு இருந்தால் சிவப்பு வெளுக்கும். நிறைய இருந்தால் மஞ்சளாகிவிடும். அது எலும்பைத் தின்கிற உப்பு என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. வரிசையாக வைத்த குழாய்களில் மற்றக் கிணறுகள் எல்லாம் சிவப்பாகவே நின்றன, கீழக் கிணறு உட்பட. மேலக் கிணறு மட்டும் மஞ்சள். மாங்காய் ஊறுகாய் எண்ணெய் மாதிரி மஞ்சள். அவர் அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்தார். மஞ்சள். மூன்றாம் தடவையும் செய்தார்.

"சார், இது எங்க அக்கா ஊரு கிணறு" என்றேன்.

"நம்பரைச் சொல்லும்மா. ஊரைச் சொல்லாத."

"அந்தப் பிள்ளை காலு இதனாலதான சார்?"

"வடக்க இருந்து ரெண்டாவது அளவு வரட்டும். அகாதமி தொகுக்கட்டும். அதுவரைக்கும் எந்த மையமும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ரூலு."

எண்ணை நான்தான் டைப் அடித்தேன். நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த திங்கட்கிழமை அக்கா வந்ததும் படிக்கட்டிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு ரூலாவது ஒன்றாவது. அக்கா முதலில் நம்பவில்லை. "ஏட்டி, பருப்பு அப்படி வேகுது, அதுல என்னட்டி கெடுதல் இருக்கும்?" என்றாள். பிறகு பிள்ளையின் காலைப் பார்த்தாள். அழுதுகொண்டே போய் அத்தானிடம் சொல்ல, அத்தான் பஞ்சாயத்து பிரசிடெண்டிடம் சொல்ல, மூன்றாம் நாள் பிரசிடெண்ட் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

அந்த மனுஷரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வந்தார். "சார், நீங்க சொன்னா இன்னைக்கே மேலக் கிணத்துல முள்ளப் போட்டு அடைச்சிருதேன். ஆனா எழுதிக் குடுக்கணும். ஊருக்குப் பெருமையே அந்தக் கிணறுதான். சும்மா போய் அடைச்சா என்னைய உயிரோட விடமாட்டாங்க."

"டெல்லியில இருந்து முடிவு இன்னும் வரல" என்றார் சார்.

"எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க."

"வாயாலயும் சொல்லக் கூடாது."

"அப்பம் அது கெட்ட தண்ணின்னு நீங்க சொல்லல."

"சொல்லல."

"நல்ல தண்ணின்னு?"

"அதையும் சொல்லல."

பிரசிடெண்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாய்க்கு வந்ததை உளறித் திரிகிற பெண் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது தெரிந்தது. "சரி, வாரேன் சார்" என்று இறங்கிப் போய்விட்டார். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திறந்து அந்தத் தாளை எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். சாரைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு எவ்வளவு என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் அன்றைக்குத் திட்டினேன். பிரசிடெண்டின் செருப்புச் சத்தம் அடங்கியதும், "நீங்க மனுஷன்தானா சார்?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முதலும் கடைசியுமாக ஒரு விஷயத்தைச் சொன்னார்.

அகாதமிக்கு வருவதற்கு முன்னால் அவர் வேறொரு மாவட்டத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலையில் இருந்தார். ஒரு கிராமத்துக் கிணற்றை ஒரே தடவை சோதித்துவிட்டு, குடிக்க லாயக்கில்லை என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் அன்றைக்கே கல்லைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி குடத்தோடு கண்மாய்க் கரையில் சறுக்கி விழுந்தாள். அவளும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. பிறகு பார்த்தால் கிணற்றில் ஒரு குறையும் இல்லை. பாட்டிலைச் சரியாக அலசாமல் எடுத்திருக்கிறார்.

"அந்தப் பாட்டில நான்தாம்மா கழுவினேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்த மாடியில் மிச்ச வருஷங்களைக் கழித்தேன்.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரூலுக்குள் நின்றுகொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். டெல்லிக்குக் கடிதம் எழுதினார். அந்த வருஷத்து எங்கள் இரண்டாவது பாட்டில்கள் எல்லாம் போன வடக்கத்தி மையத்திலிருந்து ஓர் எண்கூட வரவில்லை. அங்கே பொறுப்பாளர் மாறிவிட்டார் என்றார்கள், பிறகு கட்டடம் மாறுகிறது என்றார்கள், பிறகு ஸ்டிரைக் என்றார்கள். ஒரு மையம் தராவிட்டால் தொகுப்பு நிற்கும். தொகுப்பு நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். "குழந்தைகளின் எலும்பு சம்பந்தப்பட்டது, அவசரம்" என்று அவர் எழுதச் சொன்னதை நான் மூன்று வருஷம் மூன்று விதமாக டைப் அடித்தேன். வேறொரு மையத்துக்குப் புதுப் பாட்டில் அனுப்ப அனுமதி கேட்டும் எழுதினோம். நடுவில் மையத்தை மாற்றினால் முறை கெட்டுவிடும் என்று பதில் வந்தது. இன்னொரு கடிதத்துக்கு ஒரே வரிதான் பதில். தங்கள் கவலை குறித்துக்கொள்ளப்பட்டது.

அந்த வரியை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். "பாத்தியாம்மா, குறிச்சுக்கிட்டாங்க" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நம்பிக்கையாகத்தான் சொன்னார்.

அதற்கிடையில் செல்வி வளர்ந்தாள். அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது போய், அவள் அக்காவின் கையைப் பிடித்து நடந்து வந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அக்கா ஒரு வருஷம் போலக் கீழக் கிணற்று உப்புத் தண்ணீரைப் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் காய்ச்சி வைத்துப் பார்த்தாள். மாமியார் விடவில்லை. ஊரே குடிக்கிற தண்ணீர் உன் பிள்ளைக்கு ஆகாதோ என்று சண்டை. சோதிக்கிற ஆபீஸரே ஒன்றும் சொல்லவில்லையே என்று அத்தானும் சேர்ந்துகொண்டார். அக்கா பானையைக் கவிழ்த்துவிட்டாள். திங்கட்கிழமை புற்றுமண் மட்டும் நிற்கவில்லை. பின்னாளில் அவள் மாடியேறி வருகிற சத்தம் கேட்டால் சார் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

எங்கள் தெருவில் முதல் டி.வி. பெட்டி வந்த வருஷம் அகாதமியின் அறிக்கையும் வந்தது. தடித்த புத்தகம், வழவழப்பான தாள். அந்த வடக்கத்தி மையம் இனிமேலும் தராது என்று தெரிந்து, அதை விட்டுவிட்டுத் தொகுத்திருந்தார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் பகுதிக்கான பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலிருந்து வந்தார். மூன்றாம் தடவை என்னிடம் புத்தகத்தைத் தள்ளி, "நீ பாரும்மா" என்றார்.

மேலக் கிணற்றின் நம்பர் அதில் இல்லை. அடிக்குறிப்பில் காரணம் இருந்தது. இன்னொரு மையம் அளந்து உறுதிசெய்யாத எண்கள் சேர்க்கப்படவில்லை. எங்கள் மற்றக் கிணறுகளை, மேலக் கிணற்றில் தண்ணீர் எடுத்ததற்கு முந்தைய வருஷமே வேறு இரண்டு மையங்கள் அளந்திருந்ததால் அவை மட்டும் இருந்தன. அதனால் எங்கள் வட்டாரத்துக்கு எதிரே, கெடுதல் எதுவும் காணப்படவில்லை என்று போட்டிருந்தது.

"ரூலுப்படி சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார். "ஒத்த ஆள் அளவை எப்படிச் சேக்க முடியும்?"

அடுத்த மாதம் திட்டம் முடிந்தது, மையத்தை மூடலாம் என்று கடிதம் வந்தது. குழாய்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். கடைசிப் பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஒங்க அக்கா ஊருக்குப் போவோம்மா. நான் சொல்லிருதேன்."

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், சந்தோஷம்தான் தோன்றியது. இப்போதாவது சொல்கிறாரே என்று. மறுநாள் காலை பஸ்ஸில் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மேலக் கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். சார் அவர்கள் நடுவில் போய் நின்று, "இந்தத் தண்ணி வேண்டாம்மா. பிள்ளைக காலு வளையதும் பல்லு கறுக்கதும் இதனாலதான். கீழக் கிணறுதான் நல்லது" என்றார். மூச்சு விடாமல் சொன்னார். ஒருத்தி இடுப்புக் குடத்தை இறக்காமலே பார்த்தாள். இன்னொருத்தி பிரசிடெண்டைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

பிரசிடெண்ட் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளோடு வந்தார். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கமாக அடித்து எல்லாப் பஞ்சாயத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். அவர் அதை ஆபீஸ் சுவரில் மாட்டி வைத்திருந்தார். அதைச் சாருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அன்னைக்கு நான் ஒங்க படியேறி வந்து கேட்டேன். நீங்க சொல்லல. டெல்லி சொல்லட்டும்னீங்க. இப்பம் டெல்லி சொல்லிட்டு. பெரிய பெரிய ஆளுக, அத்தனை மையம், இத்தனை வருஷம் பாத்து, கெடுதல் இல்லன்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒத்த ஆளு. ஒத்த ஆள் சொன்னா நாங்க எப்படி சார் நம்புதது?"

அவர் வாயில் ஒரு கேலியும் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சார் அந்தச் சட்டத்தைப் பார்த்தார். "நான் அளந்தேன். மூணு தடவ அளந்தேன்" என்றார். பின்னால் யாரோ ஒரு பெண், "மூணு தடவை சார்" என்று மெதுவாகச் சொன்னாள். இரண்டு மூன்று பேர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் என்னென்னவோ கத்தினேன். பிரசிடெண்ட் என்னைப் பார்க்கவே இல்லை. பெண்கள் மறுபடி வாளியை இறக்க ஆரம்பித்தார்கள்.

வெயில் உச்சியில் இருந்தது. அக்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சாரைப் பார்க்காமலே பாயை மட்டும் எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார், சட்டையெல்லாம் வியர்வை. உள்ளேயிருந்து செல்வி வந்தாள். பத்து வயது. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முட்டி இரண்டும் உரச, மற்றக் கையில் சொம்பு தளும்பாமல் கொண்டுவந்து அவருக்கு நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். சொம்பை அலசிக் கொட்டுவார் என்று நினைத்தேன். கீழே வைத்துவிடுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் சொம்பை அவள் கையில் கொடுத்தார்.

செல்வி போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நல்லா இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.